டிஜிட்டல் வடிவமைப்புக் குழுக்களில் ஆவணமும் வேலை ஒழுங்கும்

ஒரு நிகழ்ச்சியைக் கற்பனையில் எடுத்துக் கொள்வோம். கிராமச் சுகாதார ஊழியர் ஒருவர் தம் கைப்பேசிச் செயலியில் ஒரு தாயின் விவரங்களைப் பதிவு செய்கிறார். ‘பெயர்’ என்ற கட்டத்தை நிரப்பியதும் ‘குடும்பப் பெயர்’ என்ற அடுத்த கட்டம் எதிர்ப்படுகிறது. தமிழ்நாட்டில் மிகப் பலருக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. தந்தை அல்லது கணவர் பெயரின் முதலெழுத்தே பெயருக்கு முன்னால் நிற்கிறது. கட்டத்தைக் காலியாக விட்டாலோ செயலி மேலே செல்ல மறுக்கிறது. ஆகவே அவர் அதில் ஒரு புள்ளியை இட்டுவிட்டு அடுத்த திரைக்குப் போகிறார். பக்கத்து ஊர் ஊழியர் அதே கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதுகிறார். வேறொருவர் முதலெழுத்தை மட்டும் எழுதுகிறார். நாளடைவில் ஒரே தாயின் பெயர் இரண்டு பட்டியல்களில் இரண்டு விதமாக அமைந்துவிடுகிறது. இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்று கணினி அறிவதில்லை. அவருக்குச் சேர வேண்டிய உதவித்தொகை தாமதப்படுகிறது.

இத்தகைய குறை ஏன் நேர்கிறது? வடிவமைத்தவர்களுக்குத் தென்னாட்டுப் பெயர்முறை தெரியாது என்பது ஒரு விடை. அதைவிட வருந்தத்தக்க விடை ஒன்றும் உண்டு. அக்குழுவினர் இக்குறையை ஒரு காலத்தில் அறிந்து, குடும்பப் பெயரைக் கட்டாயம் ஆக்காமல் விட்டிருக்கலாம். அதைச் செய்தவர் பின்னர் வேறு பணிக்குச் சென்றிருப்பார். அவர் இடத்திற்கு வந்தவர் இரண்டு கட்டங்களில் ஒன்று கட்டாயமாகவும் மற்றொன்று விருப்பமாகவும் இருப்பதைக் கண்டு, அது முன்னவரின் கவனக்குறைவு என்று எண்ணி, இரண்டையும் கட்டாயமாக்கியிருப்பார். முன்னவர் செய்த மாற்றம் கோப்பில் இருந்தது. அதன் காரணம் எங்கும் எழுதப்படவில்லை. குழு தான் கற்ற உண்மையைத் தானே இழந்தது.

டிஜிட்டல் சேவைகளை அமைக்கும் குழுக்களில் ஆவணத்தையும் வேலை ஒழுங்கையும் எவ்வாறு சீர்படுத்தலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அச்சேவைகளை நாள்தோறும் கையாளுவோர் கள ஊழியர்களும் ஆசிரியர்களுமே. குறையை முதலில் காண்பவர்களும் அவர்களே. ஆதலால் திரைக்குப் பின்னால் வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அவர்கள் அறிந்திருப்பது நலம்.

குழுவின் இயல்பு

ஒரு செயலியையோ இணையதளத்தையோ தனி ஒருவர் உண்டாக்குவது அரிது. தேவையை வரையறுக்கும் பொறுப்பாளர், உபயோகிப்போரை நேரிற் கண்டு ஆராயும் ஆய்வாளர், திரைகளை அமைக்கும் வடிவமைப்பாளர், திரையில் வரும் சொற்களை எழுதுபவர், நிரல் எழுதும் பொறியாளர், முடிந்த பகுதியைச் சோதிப்பவர் எனப் பலர் ஒன்று சேர்ந்து உழைக்கின்றனர். ஒருவர் கையிலிருந்து வேலை மற்றொருவர் கைக்கு மாறிக்கொண்டே இருக்கிறது.

குழு பெருகும்பொழுது பேச்சு மட்டும் போதாமற் போவதைக் கணிதமே காட்டுகிறது. உறுப்பினர் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் செய்தி பரிமாற வேண்டுமாயின், உறுப்பினர் எண்ணிக்கையை அதில் ஒன்று குறைந்த எண்ணாற் பெருக்கி இரண்டால் வகுத்தால் இணைப்புகளின் எண்ணிக்கை கிடைக்கும். 4 பேருக்கு 6 இணைப்புகள்; 8 பேருக்கு 28; 12 பேருக்கு 66. ஆட்கள் மும்மடங்காகும்போது இணைப்புகள் பதினொரு மடங்காகின்றன. மென்பொருட் பணியில் இக்கணக்கின் விளைவுகளை அமெரிக்க அறிஞர் பிரெடரிக் புரூக்ஸ் 1975-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக் காட்டினார். எழுத்து இந்தச் சுமையைக் குறைக்கிறது. ஒருவர் ஒரு முறை எழுதியதைப் பதினொருவர் தமக்கு வேண்டியபோது படித்துக் கொள்ளலாம். இனி வரப்போகும் பதின்மூன்றாமவரும் படிக்கலாம்.

எழுதப்பட வேண்டியவை

எல்லாவற்றையும் எழுதிவைப்பது இயலாது. அது வேண்டியதும் அன்று. ஐந்து வினாக்களுக்கு விடை எழுத்தில் இருந்தால் பெரும்பாலும் போதும்.

முதலாவது, யாருடைய எந்தத் தேவைக்காக இவ்வேலை மேற்கொள்ளப்பட்டது என்பது. இரண்டாவது, அத்தேவையைப் பற்றிக் களத்தில் எதைக் கண்டோம் என்பது. மூன்றாவது, எதைத் தீர்மானித்தோம், ஏன் தீர்மானித்தோம் என்பது. நான்காவது, பொறியாளர் எதை எவ்வாறு அமைக்க வேண்டும் என்பது. ஐந்தாவது, இப்பதிப்பில் எது மாறியது என்பது.

இவற்றுள் நான்காவதும் ஐந்தாவதும் எழுதப்படாமல் இருப்பது அரிது. அவை இல்லாவிட்டால் அன்றைய வேலையே நின்றுவிடும். எளிதில் விடுபடுவது மூன்றாவது. அது இல்லாவிட்டாலும் அன்றைய வேலை நிற்பதில்லை. ஓராண்டு கழிந்த பிறகே அதன் இன்மை தெரியவரும். வடிவமைப்புக் கோப்பைத் திறந்தால் இறுதியில் ஏற்கப்பட்ட திரை தெரியும். தள்ளப்பட்ட வேறு மூன்று திரைகளும், அவை தள்ளப்பட்ட காரணங்களும் அதில் தெரியா. நிரலின் மாற்றங்களைக் காக்கும் கருவிகளுக்கும் இது பொருந்தும். லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய ‘கிட்’ என்னும் கருவி, எந்த வரியை யார் எப்பொழுது மாற்றினார் என்பதைத் தவறாமற் காட்டும். ஏன் மாற்றினார் என்பதை மாற்றியவர் தாமே எழுதினாலொழிய அக்கருவியால் சொல்ல முடியாது.

முடிவுக் குறிப்பு

இக்குறையை நீக்கக் கைக்கொள்ளப்படும் எளிய முறை முடிவுக் குறிப்பு எனப்படும். மென்பொருள் அமைப்புப் பற்றிய முடிவுகளை இவ்வாறு குறிக்கும் முறையை மைக்கேல் நைகார்டு என்பவர் 2011-இல் எழுதிய கட்டுரை பரவச் செய்தது. ஒரு முடிவுக்கு ஒரு குறிப்பு. அளவு ஓரிரு பக்கம். அதில் தலைப்பு, சூழ்நிலை, முடிவு, நிலை, விளைவு என ஐந்து பகுதிகள் உண்டு.

அரசாங்க அலுவலகங்களில் பணி புரிவோருக்கு இது முற்றிலும் புதிய கருத்தன்று. நம் அலுவலகக் கோப்பில் கடிதப் பகுதி என்றும் குறிப்புப் பகுதி என்றும் இரண்டு உண்டு. வந்த கடிதமும் சென்ற ஆணையும் முன்னதில் இருக்கும். அவ்வாணை பிறந்த காரணமும், அதற்கு எழுந்த மறுப்பும், மேலதிகாரியின் தீர்ப்பும் பின்னதில் இருக்கும். குறிப்புப் பகுதி இல்லாத கோப்பை வைத்துக்கொண்டு பழைய ஆணை ஒன்றின் கருத்தை அறிய முயன்றவர்களுக்கு அத்துன்பம் நன்கு தெரியும். முடிவுக் குறிப்பு என்பது வடிவமைப்புக் குழுவின் குறிப்புப் பகுதியே.

மேலே கூறிய பெயர்க் கட்டத்திற்கு ஒரு முடிவுக் குறிப்பு எழுதினால் அது பின்வருமாறு அமையலாம்:

தலைப்பு: பயனாளியின் பெயரைக் கேட்கும் முறை.

சூழ்நிலை: இரு கட்டங்களில் பெயரைக் கேட்கிறோம். குடும்பப் பெயர் இல்லாதோர் இரண்டாம் கட்டத்தில் புள்ளி, முதலெழுத்து, தந்தை பெயர் எனப் பலவாறாக எழுதுகின்றனர். பட்டியல்களை ஒப்பிட முடியவில்லை.

முடிவு: ‘முழுப்பெயர்’ என்னும் ஒரே கட்டத்தை வைப்போம். அடையாள அட்டையில் உள்ளவாறே எழுதும்படி கட்டத்தின் மேல் குறிப்பிடுவோம்.

நிலை: ஏற்கப்பட்டது.

விளைவு: குடும்பப் பெயரைக் கொண்டு வரிசைப்படுத்த இனி இயலாது. பழைய பதிவுகளில் இரு கட்டங்களையும் இணைக்க வேண்டும். தனிப் புள்ளிகளை நீக்க வேண்டும். இரு கட்டங்களை எதிர்பார்க்கும் பிற துறைகளின் பட்டியல்களோடு இணைக்கும் முறையை மாற்ற வேண்டும்.

விளைவு என்ற பகுதியில் நன்மை மட்டுமன்றி இழப்பும் எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். இழப்பை எழுதாத குறிப்பு விளம்பரம் ஆகிவிடும். பின்வருவோர் அதை நம்ப மாட்டார்கள். பிற்காலத்தில் இம்முடிவு மாற்றப்பட்டால், பழைய குறிப்பை அழிக்கலாகாது. ‘மாற்றப்பட்டது’ என்று அதன் நிலையைத் திருத்தி, புதிய குறிப்பின் எண்ணை அதில் எழுத வேண்டும். ஒரு முறை முயன்று கைவிட்ட வழியையே அறியாமல் மீண்டும் மேற்கொள்வதை இது தடுக்கும்.

கைமாறும் இடம்

எழுதினால் மட்டும் போதுமா? போதாது. எழுதியதை அடுத்த கை படித்ததா, வேலை அதற்கு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதும் வேண்டும். இதற்கு விண்வெளி ஆராய்ச்சியில் நேர்ந்த இழப்பு ஒன்று தக்க சான்றாகும். அது திரை வடிவமைப்பைப் பற்றியதன்று. எனினும் ஒரு குழுவின் வேலை மற்றொரு குழுவின் கைக்கு மாறும் இடத்தில் நேர்ந்த பிழையாதலால் இங்கே பொருந்தும்.

அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1998 டிசம்பர் 11-இல் செவ்வாய்க் கிரகத்தின் வானிலையை ஆராய ஒரு விண்கலத்தை அனுப்பியது. 1999 செப்டம்பர் 23-இல் கிரகத்தை அடைந்த அக்கலம் அன்றே இழக்கப்பட்டது. கலத்தின் சிறு உந்துபொறிகள் தந்த உந்துவிசையைக் கணக்கிட்ட தரைநிலைய மென்பொருள் அதைப் பவுண்டு-விசை விநாடி என்னும் பழைய அலகில் தந்தது. அதைப் பெற்று வழியைக் கணித்தவர்கள் அது நியூட்டன்-விநாடி என்று கொண்டார்கள். ஓர் அலகு மற்றொன்றைப் போல் சுமார் 4.45 மடங்கு. பல மாதப் பயணத்தில் இச்சிறு பிழைகள் திரண்டன. ஏறத்தாழ 226 கிலோமீட்டர் உயரத்தில் கிரகத்தைச் சுற்றி வந்திருக்க வேண்டிய கலம், சுமார் 57 கிலோமீட்டர் உயரத்திற்கு இறங்கிவிட்டது என்று பிற்பாடு கணக்கிடப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மெட்ரிக் அலகையே உபயோகிக்க வேண்டும் என்று இரு குழுவினருக்கும் பொதுவான ஆவணம் தெளிவாகக் கூறியிருந்தது. ஆவணம் இருந்தது, நிரல் அதற்கு ஒத்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை ஒழுங்குதான் போதவில்லை. மற்றொன்று, கணக்கில் ஏதோ பொருந்தவில்லை என்பதை வழி கணித்தவர்களுள் சிலர் முன்னரே உணர்ந்திருந்தனர். ஆனால் அந்த ஐயம் அதற்கென ஏற்பட்ட முறையான படிவத்தில் பதிவாகி இறுதிவரை தொடரப்படவில்லை. தனிக் கடிதத்தில் எழுப்பிய ஐயத்திற்குப் பதில் வராவிட்டால் அது மறைந்துபோகும். பதிவேட்டில் ஏறிய ஐயமோ முடிக்கப்படும் வரை கண்முன் நிற்கும்.

திரைகளை அமைக்கும் குழுவிலும் வடிவமைப்பாளரிடமிருந்து பொறியாளருக்கு வேலை மாறும் இடமே ஆபத்தானது. வடிவமைப்பாளர் பெரும்பாலும் எல்லாம் செவ்வனே நடக்கும் நிலையையே வரைகிறார்: பட்டியல் நிறைந்திருக்கிறது, இணையத் தொடர்பு இருக்கிறது, பெயர் சுருக்கமாயிருக்கிறது. களத்தின் நிலை அதுவன்று. ஆகவே ஒவ்வொரு திரைக்கும் பின்வரும் நிலைகளையும் எழுத்தில் தர வேண்டும்: பட்டியலில் ஒன்றும் இல்லாத நிலை, விவரம் வந்துகொண்டிருக்கும் நிலை, பிழை நேர்ந்த நிலை, தொடர்பு அறுந்த நிலை, பாதி நிரப்பி நிறுத்திய நிலை. எந்தக் கட்டம் கட்டாயமானது, எந்த அலகில் எண்ணை எழுத வேண்டும், பிழை நேர்ந்தால் எந்த வாக்கியம் தோன்ற வேண்டும் என்பனவும் இடம்பெற வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல் அடங்கும் பொத்தானில் அதற்கு ஈடான தமிழ்த் தொடர் அடங்காமற் போகலாம். ஆதலால் இந்திய மொழிகளில் எழுதிப் பார்த்த பின்னரே அளவுகளை முடிவு செய்ய வேண்டும். சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளிவேற்றுமை 4.5-க்கு 1 என்ற விகிதத்திலாவது இருக்க வேண்டும் என்பது சர்வதேச இணைய அணுகல் நெறிகளின் விதி. வெயிலில் நின்று திரையைப் பார்ப்பவருக்கும் பார்வை குறைந்தவருக்கும் இவ்விதி ஒருங்கே பயன்படுகிறது.

ஹவாய்த் தீவில் நேர்ந்த எச்சரிக்கை

திரையின் அமைப்பும் வேலை ஒழுங்கும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு மற்றொரு சான்று உண்டு. 2018 ஜனவரி 13-இல், காலை 8 மணி 7 நிமிடத்திற்கு, அமெரிக்காவைச் சேர்ந்த ஹவாய் மாநில மக்களின் கைப்பேசிகளில் ஏவுகணை ஒன்று வந்துகொண்டிருப்பதாக எச்சரிக்கை தோன்றியது. அது பொய்யான எச்சரிக்கை என்ற திருத்தம் அதே கைப்பேசிகளை அடைய 38 நிமிடம் ஆயிற்று. அதுவரை மக்கள் பெருங்கலக்கத்திற்கு உள்ளாயினர்.

அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் நடத்திய விசாரணையில் வெளிவந்த காரணங்கள் நம் ஆராய்ச்சிக்கு மிக உதவுவன. இரவுப் பணியினரும் பகற் பணியினரும் மாறும் நேரத்தில் ஒரு பயிற்சி நடத்தப்பட்டது. பயிற்சி யாருக்கு என்பதில் இரு மேற்பார்வையாளர்களுக்கும் இடையே நடந்த பேச்சு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. எச்சரிக்கை அனுப்பும் மென்பொருளில் பயிற்சிக்கும் உண்மைக்கும் தக்க வேறுபாடு இல்லை. அனுப்பலாமா என்று உறுதி கேட்கும் வாக்கியமும் இரண்டிற்கும் ஒன்றே. அதை ஒருவர் தனித்தே அனுப்பக்கூடியதாக இருந்தது. தவறாக அனுப்பிவிட்டால் திருத்தச் செய்தி அனுப்புவதற்கு முன்கூட்டி எழுதிவைத்த வாசகமும் இல்லை.

இவற்றுள் ஒன்றேனும் தடையாக நின்றிருந்தால் தீங்கு நேர்ந்திராது, அல்லது சில நிமிடங்களில் நீங்கியிருக்கும். உறுதி கேட்கும் வாக்கியம் வடிவமைப்பாளரின் பொறுப்பு; பணி மாறும்பொழுது எழுதித் தரும் குறிப்பு அலுவலகத்தின் பொறுப்பு; தவறினால் என்ன செய்வது என்னும் வினா இருவருக்கும் பொது. எந்தச் சேவையை வடிவமைக்கும்போதும், ‘இச்செயலைத் தவறாகச் செய்துவிட்டால் திரும்பப் பெறுவது எப்படி?’ என்னும் ஒரு வரி ஆவணத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது இதன் பாடம். இந்நிகழ்ச்சிக்குப் பின்னர் எச்சரிக்கையை அனுப்ப இருவரது ஒப்புதல் வேண்டும் என்ற விதி அங்கே ஏற்படுத்தப்பட்டது. திருத்தச் செய்தியின் வாசகமும் முன்னேற்பாடாக எழுதிவைக்கப்பட்டது.

பொதுக் கூறுகளின் தொகுப்பு

ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு முறையும் பொத்தான், தேதிக் கட்டம், பிழை வாசகம் ஆகியவற்றைப் புதிதாக அமைப்பது வீண் உழைப்பு. அதனால் உபயோகிப்போரும் ஒவ்வொரு சேவையையும் புதிதாகக் கற்க வேண்டியதாகிறது. இதைத் தவிர்க்கப் பொதுக் கூறுகளைத் தொகுத்து வைக்கும் முறை தோன்றியது. பிரிட்டிஷ் அரசாங்கம் 2011-இல் டிஜிட்டல் சேவைக்கெனத் தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தி, 2012 அக்டோபரில் அரசாங்கத்தின் பொது இணையதளத்தைத் தொடங்கியது. அதன் வடிவமைப்புத் தொகுப்பு 2018-இல் வெளியாயிற்று. அத்தொகுப்பின் சிறப்பு, கூறுகளின் படங்களைத் தருவதோடு அது நின்றுவிடவில்லை என்பதே. ஒரு கூறை எப்பொழுது உபயோகிக்கலாம், எப்பொழுது உபயோகிக்கலாகாது, ஆராய்ச்சியில் எது தெரியவந்தது என்பனவற்றையும் அது சேர்த்துக் கூறுகிறது. பெயரைக் கேட்கும் பகுதியில், பலவகைப் பெயர்களுக்கும் இடம் தருவது ஒரே கட்டம்தான் என்று அது விளக்குகிறது. இங்கே நாம் கண்ட குறைக்கு மருந்து அங்கே எழுத்தில் இருக்கிறது.

இந்தியாவில் அரசாங்க இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் முதன்முதலில் 2009-இல் வெளியிடப்பட்டன. 2023-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு செயலிகளையும் உள்ளடக்கியது. பொதுநெறி ஒன்று இருக்கும்போது, குழுவின் ஆவணம் அதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. எங்கே அதிலிருந்து விலகினோம், ஏன் விலகினோம் என்று மட்டும் குறித்தால் போதும்.

வேலையின் ஓட்டம்

ஆவணம் எழுத நேரம் இல்லை என்பது பலரும் கூறும் தடை. நேரம் எங்கே போகிறது என்பதைப் பார்ப்போம். அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய தேற்றம் ஒன்று உண்டு. சீராக ஓடும் ஓர் அமைப்பில், கையில் உள்ள வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை தொடங்கி முடியச் சராசரி எத்தனை வாரம் ஆகும் என்பது கிடைக்கும். ஒரு குழு வாரத்திற்கு 3 வேலைகளை முடிக்கிறது. கையில் 12 வேலைகள் இருக்கின்றன. அப்படியானால் ஒவ்வொரு வேலைக்கும் சராசரி 4 வாரம் ஆகும். கையில் 6 மட்டும் வைத்துக்கொண்டு, முடிக்கும் வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டால், அதே வேலை 2 வாரத்தில் முடியும்.

கையில் உள்ள வேலை மிகுந்தால், தொடங்கிய வேலைக்கும் முடிக்கும் வேலைக்கும் இடையே காலம் நீள்கிறது. நான்கு வாரத்திற்கு முன் ஏன் அவ்வாறு முடிவு செய்தோம் என்பது வேலை முடியுமுன்னரே மறந்துபோகிறது. ஆகவே ஒரே சமயத்தில் கையாளும் வேலைக்கு ஓர் உச்ச எண்ணை விதிப்பது நன்று. ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் தொழிற்சாலைகளில் தாய்இச்சி ஓனோ வளர்த்த ‘கான்பான்’ அட்டைமுறையின் உட்பொருளும் இதுவே. அடுத்த நிலையிலிருந்து அட்டை வந்தாலன்றி முந்திய நிலை புதிதாக எதையும் செய்வதில்லை. மென்பொருட் குழுக்கள் இதையே ஒரு பலகையில் ‘செய்ய வேண்டியது’, ‘நடைபெறுவது’, ‘சோதிப்பது’, ‘முடிந்தது’ எனப் பத்திகளாக அமைத்துக் கைக்கொள்கின்றன.

அப்பலகையில் ‘முடிந்தது’ என்னும் சொல்லுக்குப் பொருள் வரையறுக்கப்பட வேண்டும். நிரல் ஓடினால் முடிந்தது என்று கொள்வது போதாது. முடிவுக் குறிப்பு எழுதப்பட்டு, திரையின் எல்லா நிலைகளும் சோதிக்கப்பட்டு, மாற்றப் பட்டியலில் ஒரு வரி சேர்ந்த பின்னரே அந்த அட்டை கடைசிப் பத்திக்குச் செல்லலாம் என விதித்தால், ஆவணம் வேலையின் ஓர் உறுப்பாகிவிடும். வேலை முடிந்த பின் எழுதலாம் என்று ஒதுக்கிவைத்த ஆவணம் எழுதப்படுவது அரிது.

மிகுதியும் தீங்கே

ஆவணம் பெருகுவதும் நன்றன்று. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருள் நிபுணர்கள், விரிவான ஆவணத்தைக் காட்டிலும் இயங்கும் மென்பொருளே மேலானது என்று அறிக்கை விடுத்தனர். யாரும் படிக்காத பெருந்தொகுதிகளை எழுதி அலுத்தோரின் குரல் அது. ஆவணத்திற்கும் மதிப்பு உண்டு என்பதை அவர்கள் சேர்த்தே கூறினார்கள். அப்பகுதியைப் பலர் மறந்துவிட்டனர்.

பழையதாகிவிட்ட ஆவணம் ஆவணமின்மையைவிடக் கேடானது. அது படிப்பவரைத் தவறான வழியில் துணிவோடு செல்லத் தூண்டும். ஆகவே மூன்று விதிகளைக் கைக்கொள்ளலாம். ஒரு செய்திக்கு ஒரே இடம். வேறு இடங்களில் அதற்குச் சுட்டு மட்டும். ஒவ்வோர் ஆவணத்திற்கும் ஒரு பொறுப்பாளர். ஒவ்வோர் ஆவணத்தின் தலையிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதி. ஓர் ஆவணத்திற்குப் பொறுப்பேற்க ஒருவரும் முன்வராவிட்டால், அதை வழக்கொழிந்தது எனக் குறித்து ஒதுக்கிவைப்பதே நேர்மை.

கள ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

குழுவின் ஆவணங்களுள் இரண்டாவதாகக் கூறியது களத்தில் கண்டவற்றின் பதிவு. அதற்கு மூலப்பொருளைத் தருவோர் கள ஊழியர்களும் ஆசிரியர்களுமே. ‘செயலி வேலை செய்யவில்லை’ என்ற ஒரு வரியால் குழுவினர் எதையும் கண்டறிய முடியாது. குறையைத் தெரிவிக்கும்போது ஆறு செய்திகளைச் சேர்த்து எழுதுவது பயன் தரும்: எந்தத் திரையில் இருந்தீர்கள்; எதைச் செய்தீர்கள்; என்ன நடக்கும் என எதிர்பார்த்தீர்கள்; உண்மையில் என்ன நடந்தது; செயலியின் பதிப்பு எண்ணும் கைப்பேசியின் வகையும் எவை; அப்பொழுது இணையத் தொடர்பு இருந்ததா. திரையின் படத்தை அனுப்பினால், அதில் தெரியும் பயனாளியின் பெயரையும் அடையாள எண்ணையும் மறைத்த பின்னரே அனுப்ப வேண்டும்.

ஏழாவதாக ஒன்றைச் சேர்த்துக் கூறுவது மிக அவசியம். குறையைச் சமாளிக்க நீங்கள் என்ன உபாயம் செய்தீர்கள் என்பதே அது. குடும்பப் பெயர்க் கட்டத்தில் இட்ட புள்ளி ஊழியரின் அன்றைய வேலையை முடித்துக் கொடுத்தது. ஆனால் அதே புள்ளி குறையை மறைத்தும் விட்டது. தலைமை அலுவலகத்தில் இருந்து பார்ப்பவருக்கு எல்லாக் கட்டங்களும் நிரம்பியே தோன்றும். நிரம்பிய கட்டத்தைக் கண்டு ஒருவரும் ஐயுறுவதில்லை. உபாயத்தைச் சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. குழுவினர் தாமாகக் காண முடியாத ஒன்றை அவர்களுக்குக் காட்டுவதாகும். அவ்வாறு எழுதியனுப்பும் குறைக்கு ஓர் எண் தந்து, அது என்னவாயிற்று என்று தெரிவிப்பது குழுவின் கடமை. பதில் கிடைக்காத ஊழியர் இரண்டாம் முறை எழுத மாட்டார்.

ஆசிரியர்கள் இம்முறையை வகுப்பறையிலும் பழக்கலாம். விஞ்ஞானக் கண்காட்சிக்கு மாதிரிகள் செய்யும் மாணவர்கள் முடிந்த பொருளை மட்டுமே காட்டுகின்றனர். முதலில் எதை முயன்றோம், அது ஏன் பயன்படவில்லை, பின்னர் எதைத் தேர்ந்தோம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிப் பக்கத்தில் வைக்கும்படி அவர்களைக் கேட்கலாம். ஆசிரியர் ஒருவர் விடுப்பிற் செல்லும்போது அவரது பாடக்குறிப்பே அடுத்தவருக்கு வழி காட்டுகிறது. பாடம் எங்கே நின்றது என்பதோடு, வகுப்பு எந்த இடத்தில் இடர்ப்பட்டது என்றும் அக்குறிப்பில் எழுதியிருந்தால் அடுத்தவரின் வேலை எத்துணை எளிதாகும் என்பதை ஆசிரியர்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

முடிவுரை

ஒரு குழுவில் இருப்போர் மாறிக்கொண்டே இருப்பர். அவர்கள் அமைத்த சேவையோ பல ஆண்டு நிற்கும். அதை உண்டாக்கியவர்கள் அறிந்ததைப் பின்வருவோரும் அறிவதற்கு எழுத்தைத் தவிர வேறு வழியில்லை. முடிவோடு காரணத்தையும் எழுதுதல், கைமாறும் இடத்தில் ஒப்பிட்டுச் சோதித்தல், கையில் உள்ள வேலையை அளவோடு வைத்தல், களத்திலிருந்து வரும் ஐயத்தைப் பதிவேட்டில் ஏற்றி முடிவு வரை தொடர்தல் ஆகிய நான்கும் பெரும்பொருட் செலவை வேண்டுவன அல்ல. பெயர்க் கட்டத்தைப் பற்றிய அந்த ஒரு பக்கக் குறிப்பை எழுத அரைமணி நேரம் போதும். அது எழுதப்படாமற் போனால் அந்த அரைமணியின் விலையைக் கொடுப்பவர், குழுவின் அறையில் இல்லாத ஒரு கிராமத்துத் தாய் என்பதை வடிவமைப்போர் மறத்தலாகாது.